புல்தரையும் அல்லித் தொட்டியும்

புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்தவர்களுக்குக் கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரமே ஓர் ஆசை உண்டாவதைப் பார்க்கிறோம். வாசலுக்கும் மதில்சுவருக்கும் நடுவே எஞ்சியிருக்கும் நிலத்தில் பச்சைப்பசேலென்று ஒரு புல்தரை வேண்டும். அதன் ஓரங்களில் வரிசையாகப் பூச்செடிகள் நிற்க வேண்டும். மூலையில் ஒரு சின்னத் தடாகமும், அதில் இரண்டு அல்லிப் பூவும் இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். ஆசையில் குற்றம் ஒன்றும் இல்லை. சித்திரை வெயிலில் வீடு திரும்புகிறவனுக்குக் கண் குளிர ஏதாவது ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் நம்முடைய சமவெளி ஊர்களில் இந்த மூன்றையும் வளர்ப்பதற்கு எவ்வளவு ஜலம் ஆகும், அந்த ஜலம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுக்கிறவர்கள் வெகு சிலரே. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகிய எனக்கு, இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் புல்தரையை எடுத்துக்கொள்வோம். அது நம் நாட்டு வழக்கம் அன்று. தமிழர் வீட்டு முன்வாசல் சாணம் தெளித்துக் கோலம் போடுவதற்காக ஏற்பட்டது. அது வெறுமையாகவும் கெட்டியாகவும் சுத்தமாகவும் இருப்பதுதான் அதற்கு அழகு. ‘அந்த வீட்டு வாசலில் புல் முளைத்துக் கிடக்கிறது’ என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லை என்று நாம் புரிந்துகொள்வோமே தவிர, அவர்கள் நாகரிகமாக வாழ்கிறார்கள் என்று நினைக்க மாட்டோம். இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே வானம் மூடாத நாள் அபூர்வம். வருஷம் முழுவதும் ஓயாமல் தூறல். புல்லை வளரச் செய்வது அங்கே யாருக்கும் பிரயாசை இல்லை. வளரும் புல்லை அடக்குவதுதான் பிரயாசை. அரிவாள் பிடித்த ஆட்களும், மேய்கிற ஆடுகளும் அந்த வேலையைச் செய்து வந்தன. பிறகு 1830-ல், ஸ்ட்ரௌட் என்ற ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர், கம்பளி ஆலையில் துணியின் மேல் துருத்தி நிற்கும் இழைகளைச் சீவிச் சமப்படுத்தும் உருளை யந்திரத்தைப் பார்த்து, அதே மாதிரி புல்லையும் சீவினால் என்ன என்று யோசித்தார். புல்வெட்டும் யந்திரம் பிறந்தது. பிரபுக்களின் மாளிகைக்கு முன் மட்டும் இருந்த புல்தரை, நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்துவிட்டது.

அங்கிருந்து அது சென்னையின் தோட்ட பங்களாக்களுக்கு வந்தது. துரைமார்களுக்குத் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆழமான கிணறுகள் இருந்தன. மாடு கட்டிக் கவலை இறைக்க ஆட்கள் இருந்தார்கள். கோடை வந்தால் அவர்களே மலைக்குப் போய்விட்டார்கள். உதகமண்டலத்தில் 1848 முதல் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணருக்குப் புல் ஒரு சங்கடமாக இருந்திருக்காது. ஏழாயிரம் அடிக்கு மேலே குளிரும் மூடுபனியும் அவருக்குக் கை கொடுத்தன. உதகையில் பார்த்த புல்தரையைச் செங்கற்பட்டிலும் மதுரையிலும் விரிக்க ஆசைப்படும்போதுதான் விபரீதம் ஆரம்பமாகிறது.

கணக்கு இதுதான். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஜலம் நின்றால் அது ஒரு லிட்டர். கோடை நாளில் நமது சமவெளியில் புல்தரையிலிருந்து வெயிலும் காற்றும் உறிஞ்சிக்கொண்டு போவது சுமார் நாலரை மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆகவே ஆயிரம் சதுர அடிப் புல்தரை பசுமை குன்றாமல் இருக்க, நாள் ஒன்றுக்குச் சுமார் 400 லிட்டர் ஊற்றியாக வேண்டும். நகரவாசி ஒருவருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அரசாங்கத் திட்டக்காரர்கள் ஒதுக்கும் அளவு 135 லிட்டர். அதாவது, வாசலில் ஒரு பச்சைக் கம்பளம் விரித்தவர் மூன்று பேரைப் புதிதாக வீட்டில் குடிவைத்துக்கொண்டார் என்று அர்த்தம். அந்த மூன்று பேரும் ஒரு நாளும் ஊருக்குப் போக மாட்டார்கள். ஒரு மாதத்தில் 12,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்று முழுசாக வாசலில் காலியாகிறது.

2019-ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய வறண்டே போயின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். பத்திரிகைகளில் அந்த ரயிலுக்கு மாலை போட்ட படங்களைப் பார்த்தபோது, எனக்கு மேற்படி கணக்குத்தான் ஞாபகம் வந்தது. ஆயிரம் சதுர அடிப் புல்தரை உள்ள வீடுகள் ஆறாயிரத்துச் சொச்சம் இருந்தால், அந்த ரயில் ஜலம் முழுவதும் அவற்றின் வாசலுக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும். அந்தக் கோடையில் என் வகுப்பில் சில பிள்ளைகள் தினந்தோறும் முதல் மணி அடித்த பிறகே வந்தார்கள். விசாரித்ததில், வீட்டில் பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவதால், லாரி வரும் வரையில் குடத்தோடு வரிசையில் நிற்பது அவர்கள் பொறுப்பு என்று தெரிந்தது. தாமதத்துக்குப் பெஞ்சின் மேல் நிற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் வாசல் முழுவதும் சிமெண்டு பூசிவிடுகிறேன்’ என்று ஒருவர் கிளம்பக்கூடும். அது இதைவிட மோசம். மழை ஜலம் பூமிக்குள் இறங்குவதற்கு வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் திறந்திருக்க வேண்டும். மழைநீர் சேமிப்பைத் தமிழ்நாடு அரசாங்கம் 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கியது இதற்காகத்தான். மண்ணை மூடினால் மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம், கோடையில் கிணற்றில் வெற்றிடம். ஆகவே மண் வேண்டும். மண்ணின் மேல் செடியும் வேண்டும். எந்தச் செடி, எவ்வளவு, எந்த ஜலத்தில் என்பதே கேள்வி.

புல்தரை அவசியம் வேண்டும் என்கிறவர்கள், உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு, நூறு அல்லது நூற்றைம்பது சதுர அடியோடு நிறுத்திக்கொள்ளட்டும். பத்துப் பேர் பாய் விரித்து உட்காரலாம். அதற்கு நாள் ஒன்றுக்கு மூன்று நான்கு வாளி ஜலம் போதும். அதற்கு ஏற்ற புல் நம்முடைய அருகுதான். பிள்ளையாருக்கு உகந்தது என்று நாம் பறித்து வைக்கும் அதே அருகம்புல், உலகம் முழுவதும் வெப்ப நாட்டு விளையாட்டு மைதானங்களில் விரிக்கப்படுகிறது. மணமக்களை அருகுபோல் வேரோடி வாழ வாழ்த்துகிறோமே, அது வெறும் உபசாரம் அன்று. மற்றப் புற்கள் கருகிச் சாகும் வறட்சியிலும் அருகின் வேர் தரைக்கடியில் உயிரோடு கிடக்கும். மேலே பழுப்பேறிப் போனாலும் முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். கோடையில் இரண்டு மாதம் அது பழுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே! நமக்கு மட்டும் கோடை விடுமுறை வேண்டும், புல்லுக்கு வேண்டாமா? மர நிழல் விழும் இடத்தில் மாத்திரம் அருகு ஒத்துவராது. அதற்கு வெயில் வேண்டும்.

போடும் முறையில் அவசரம் கூடாது. ஆனி மாதத்தில் தரையை ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவிட வேண்டும். இது பெரும்பாலும் கோரைக்காகச் செய்கிற காரியம். கோரையின் இலையைப் பிடுங்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறவர்கள் அநேகர். அடியிலே அதன் கிழங்குகள் மணிமாலை கோத்ததுபோல் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கின்றன. ஒன்று தங்கினாலும் போதும். மூன்று மாதத்தில் புல்தரை கோரைத்தரை ஆகிவிடும். ஆகவே, பிள்ளைகளை உட்கார்த்திவைத்துக் கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்ல வேண்டும். கிழங்குக்கு இத்தனை என்று கூலி பேசிவிட்டால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். பிறகு மக்கிய சாணி எருவும், கரையானுக்காகக் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, தரையைச் சமப்படுத்தி, வாசல் பக்கம் மிகச் சிறிதளவு சரிவு விட்டு, மழை ஒன்று பெய்து மண் அமர்ந்த பிறகு, மூன்று அங்குல நீளமுள்ள வேர்த்துண்டுகளை நாலங்குலத்துக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். ஆடி, ஆவணி மழையில் பாதி வேலையை வானமே பார்த்துக்கொள்ளும். புல் இரண்டு அங்குலம் உயர்ந்ததும் முதல் வெட்டு. எப்போது வெட்டினாலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. ஒட்ட வெட்டினால் வெயில் வேரைச் சுடும். ஜலம் விடுவது விடியற்காலையில். தினந்தோறும் தெளிப்பதைவிட, மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஆழமாக நனைப்பது நல்லது. மேலாகத் தெளிக்கப்பட்ட புல் வேரை மேலேயே வைத்துக்கொண்டு, ஒரு நாள் நாம் ஊருக்குப் போனாலும் வாடி நின்று மானத்தை வாங்கும்.

புல்லுக்குப் பதிலாக வேறு ஒன்றையும் சொல்லுகிறேன். வாய்க்கால் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் பொடுதலையை நமது தாய்மார்கள் நன்கு அறிவார்கள். பொடுகு போவதற்காக எண்ணெய் காய்ச்சுவார்களே, அந்தச் செடிதான். வெட்ட வேண்டியதில்லை, கால் பட்டால் சாகாது, சின்னஞ்சிறு பூக்களைத் தேடி வண்ணத்துப்பூச்சிகள் வரும். நர்ஸரிகளில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் எடுத்து நீட்டுவது மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா. அது மிக விரைவில் படரும் என்பது வாஸ்தவம். அதுவே அதன் குற்றமும் ஆகும். மதிலைத் தாண்டி ஓடையில் இறங்கிவிட்டால், அங்கிருக்கும் மற்றச் செடிகளை மூச்சு விடாமல் மூடிவிடும். உலகத்தின் மிகக் கொடிய நூறு அத்துமீறிகளின் பட்டியலில் அதுவும் ஒன்று.

இனி, ஓரப் பாத்தி. இதில்தான் நமது பெரியோர்களின் அனுபவம் வெகுவாக உதவுகிறது. கோயில் நந்தவனம் நட்டவர்கள் பார்த்து ரசிப்பதற்காக மட்டும் செடி வைக்கவில்லை, பறிப்பதற்காக வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் செய்ததும் பறித்து மாலை கட்டும் தொண்டுதான். தினந்தோறும் பறிக்கப்படும் செடி தினந்தோறும் கவனிக்கப்படுகிறது. எந்தக் கிளையில் பூச்சி, எந்த வேரில் ஈரமில்லை என்பது பறிக்கிற கைக்குத் தெரிந்துவிடும். ஆகையால், வீட்டுப் பெண்மணிகள் தலையில் வைக்கிற பூவும், பூஜைக்கு ஆகிற பூவும் ஓரப் பாத்தியில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மதில் ஓரம் முழுக்கக் குரோட்டன்ஸ் தொட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு ஏதோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது போன்ற எண்ணமே உண்டாகிறது. குரோட்டன்ஸ் பிரியர்கள் மன்னிக்கவும்.

பாத்திக்கு ஜலம் எங்கிருந்து? குளியலறையிலிருந்துதான். மேலே சொன்ன 135 லிட்டரில் குளிப்பதற்கு என்று ஒதுக்கியது 55. நாலு பேர் உள்ள குடும்பத்தில் தினமும் 220 லிட்டர் ஜலம் சாக்கடையில் இறங்கிவிடுகிறது. நாற்பது அடி நீளமும் நாலு அடி அகலமும் உள்ள பாத்திக்குக் கோடையில் 60 அல்லது 70 லிட்டர் இருந்தால் தாராளம். கிராமத்து வீடுகளில் புழக்கடைக் குளியல் தண்ணீர் வாழைக்குப் பாய்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதே ஏற்பாட்டை இங்கேயும் செய்யலாம். குழாய் முனையில் முதலில் ஒரு சிறு குழி வெட்டிச் சல்லியும் மணலும் போட்டு, அதைச் சுற்றிக் கல்வாழை நட வேண்டும். சேற்றில் நிற்பது கல்வாழைக்கு மிகவும் பிடிக்கும். சோப்பு ஜலத்தைப் பொருட்படுத்தாது. சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். அதைத் தாண்டி வருகிற ஜலம் மற்றச் செடிகளுக்குப் போகட்டும். சோடா உப்பு அதிகமான துவைக்கும் தூள் கலந்த ஜலத்தை மாத்திரம் தள்ளிவிட வேண்டும். அது நாளடைவில் மண்ணைக் கெட்டியாக்கிவிடும்.

செடி நடுவதற்கு முன் பாத்தியின் நடுவே முக்கால் அடி ஆழத்துக்குச் சால் வெட்டி, தேங்காய் மட்டைகளை உட்புறம் மேல் நோக்கும்படி அடுக்கி மண்ணைப் போட்டு மூடிவிட்டால், அந்த நார் பஞ்சுபோல் ஜலத்தைக் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். தென்னந்தோப்புக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். மண்ணுக்கு மேலே சருகைப் பரப்ப வேண்டும். காலையில் பெருக்கிய சருகைத் தெருமுனையில் குவித்துக் கொளுத்திவிட்டு, மாலையில் செடி வாடுகிறதே என்று கவலைப்படுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

மதிலை ஒட்டி ஓர் அடி இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் பின்வரிசைச் செடியின் பின்புறத்துக்கு நாம் போகவே முடியாது. அதற்கு முன்னால் உயரமானவை: செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி. நடுவில் வெட்சி, டிசம்பர்ப் பூ, கனகாம்பரம். முன்னால் நித்தியகல்யாணி, பத்துமணிப் பூ. இந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. இட்லிப்பூ என்று பிள்ளைகள் சொல்லும் வெட்சி நமது மண்ணுக்கே உரியது. ஆனால் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் இலை வெளிறிவிடும். புதுவீட்டு மதிலோரத்தில் கட்டட வேலையின் சுண்ணாம்பும் சிமெண்டும் விழுந்து கிடப்பதால், அங்கே நட்ட வெட்சி மஞ்சள் பாய்ந்து நிற்பதைப் பார்த்து உரம் உரமாகக் கொட்டுகிறார்கள். மண்ணை மாற்றுவதுதான் மருந்து. டிசம்பர்ப் பூ அரை நிழலிலும் பூக்கும். கனகாம்பரத்தில் டெல்லிக் கனகாம்பரம் என்ற செந்நிற வகை விதை கொடுப்பதில்லை. கிளையை வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும். நாட்டுக் கனகாம்பரத்தின் முற்றிய காயில் ஜலம் பட்டால் படீரென்று வெடித்து விதை சிதறும். பாடம் நடத்தும்போது இரண்டு காயை ஈரக் கைக்குட்டையில் வைத்துக் காட்டினால், தாவரங்கள் விதை பரப்பும் விதத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

செம்பருத்திக்கு எதிரி மாவுப்பூச்சி. நுனிக் குருத்துகள் சுருண்டு, வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும். எறும்பு வரிசை ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பூச்சி கசியவிடும் தேனுக்காக எறும்பு அதைப் பசுவைப் போலக் காத்து வளர்க்கிறது. சுருண்ட நுனியை வெட்டிச் சோப்பு நீரில் போட்டு, மீதிச் செடியின் மேல் வேகமாக ஜலம் பீய்ச்சி, இரண்டு நாள் கழித்து வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கித் தெளித்தால் அடங்கும். அரளி ஒரு துளி ஜலமில்லாமலும் பூக்கிற செடிதான். ஆனால் அதன் இலை, பூ, தண்டு, வேர் எல்லாம் விஷம். சின்னக் குழந்தைகளும் மாடுகளும் உள்ள வீட்டில் அது வேண்டாம். காகிதப்பூ என்ற போகன்வில்லா தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கு ஜலத்தைக் குறைத்தால்தான் பூவே வரும். தினமும் அன்பாக ஊற்றுகிறவர்களுக்கு இலையை மட்டும் காட்டும்.

விதை போட்டு வளர்க்கும் ஒரு பருவச் செடிகளில் கடற்கரை ஜில்லாக்காரர்கள் வட இந்தியப் புத்தகங்களைப் பார்த்து ஏமாறுகிறார்கள். புரட்டாசியில் விதை என்று அவை சொல்லும். நமக்கு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து நாற்றை அழுகவைத்துவிடும். ஐப்பசி கடைசியில் தாழ்வாரத்துத் தட்டுகளில் விதைத்து, மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் தரையில் நட்டால், தை மாசியில் ஜினியாவும் சாமந்தியும் பிளாக்ஸும் பூத்துக் குலுங்கும். மழைக்காலத்துக்கு என்று காசித்தும்பை இருக்கவே இருக்கிறது.

அழகுக்காக வைத்த செடி வேலியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு உண்ணிச்செடியைக் காட்டிலும் சாட்சி வேண்டியதில்லை. ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் அந்தச் செடி அமெரிக்க வெப்ப நாடுகளுக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாகவே வந்தது. குருவிகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் மாகாணங்களின் காடுகளில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் அது ஆக்கிரமித்திருக்கிறது. நமது தமிழ்நாட்டின் பரப்பே ஒரு லட்சத்து முப்பதாயிரம்தான். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மான் மேயும் புல்லை அது விழுங்கிவிட்டது. கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிகள் அந்தச் செடியின் கழிகளை வேகவைத்து வளைத்து நிஜ யானை அளவுக்கு யானைகளைச் செய்தார்கள். அவை 2021-ல் லண்டன் நகரத்துப் பூங்காக்களில் நிறுத்தப்பட்டன. பூந்தொட்டியில் வந்தது, இருநூறு வருஷம் கழித்து யானையாகத் திரும்பிப் போயிற்று! யானையாகப் போனது கொஞ்சம். காட்டில் நிற்பதோ மலையளவு.

தடாகத்தின் கதையிலும் இப்படி ஒரு வில்லன் உண்டு. ஆகாயத் தாமரை, வெங்காயத் தாமரை என்றெல்லாம் சொல்லப்படும் அந்த மிதக்கும் செடியின் ஊதாப் பூ மனோகரமானது என்பதில் சந்தேகமில்லை. அந்த அழகில் மயங்கித்தான் அமேஸான் நதிக்கரைச் செடியை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். வசதியான இடத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் அதை ஒழிப்பதற்காக வங்காளத்தில் 1936-ல் தனிச் சட்டமே செய்ய வேண்டி வந்தது. நம் ஊர் ஏரிகள் படும் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் ஒரே ஒரு செடி என்று யாராவது பிரியமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அல்லியையே வையுங்கள். ஆறடிக்கு நாலடி, இரண்டடி ஆழத்தில் ஒரு தொட்டி போதும். கோடையில் அதிலிருந்து ஆவியாகிப் போவது நாளுக்கு ஒரு வாளி. தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும், மரத்தடி உதவாது. புதிய சிமெண்டுத் தொட்டி ஜலத்தில் காரம் ஏற்றும். ஆகையால் நிரப்பி நாலைந்து நாள் வைத்துக் காலி செய்வதை மூன்று முறையாவது செய்துவிட்டு, பிறகுதான் மீனும் செடியும். ஏரி வண்டலோ களிமண்ணோ மூன்று பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு கலந்து, ஓர் அடி அகலமுள்ள வாயகன்ற சட்டியில் நிரப்பி, கிழங்கின் குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி சாய்த்து நட்டு, எரு மேலே மிதக்காமல் இருக்க ஓர் அங்குலம் மணல் பரப்ப வேண்டும். முதலில் செங்கல் அடுக்கி அதன் மேல் சட்டியை வைத்து அரை அடி ஜலத்துக்குள் மாத்திரம் அமிழ்த்தி, இலை மேலே வர வரச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது முறை. தாமரைக்கு இந்தத் தொட்டி காணாது. அதன் தண்டுக்கு ஓட இடம் வேண்டும்.

பத்துப் பதினைந்து நாளில் தொட்டி ஜலம் பச்சைப் பாசியாகக் கலங்கும். இங்கேதான் அநேகர் பதறிப்போய் ஜலத்தை மாற்றிவிடுகிறார்கள். மாற்றிய புது ஜலத்தில் பாசிக்கு மறுபடியும் புது விருந்து கிடைக்கிறது. சும்மா இருந்தால் போதும். அல்லி இலை ஜலத்தின் மேற்பரப்பில் பாதியை மூடிய பிறகு, வெளிச்சம் கிடைக்காமல் பாசி தானே அடங்கும். இலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூடினால் பழைய இலைகளைக் கிள்ளிவிட வேண்டும்.

கொசுவைப் பற்றிக் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். மலேரியாவைக் கொசுதான் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் நமது நாட்டிலேயே, செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்டு 20-ல் கண்டுபிடித்தார். டெங்குக் காய்ச்சல் பரப்பும் கொசுவோ சாக்கடையைத் தேடுவதில்லை. தெளிந்த ஜலமே அதற்கு உகந்தது. முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே, மீன் இல்லாத தொட்டி ஒரு நாளும் கூடாது. மீன் உள்ள தொட்டியோ கொசுவுக்கு ஒரு பொறி. முட்டையிடக் கொசு வரும், புழுவை மீன் தின்றுவிடும். தும்பியின் குஞ்சுகளும் ஜலத்துக்குள் இருந்துகொண்டு அதே வேலையைச் செய்கின்றன. மீனுக்கு நாம் தீனி போட்டுச் செல்லம் கொடுத்தால் வேட்டையை மறந்துவிடும். கொசு ஒழிப்புக்கென்று 1928-ல் நம் நாட்டுக்கு வந்த கம்பூஸியா என்ற அமெரிக்க மீன், மற்ற மீன்களின் முட்டையையும் தவளைக் குஞ்சையும் சேர்த்தே தின்கிறது. பக்கத்துக் குளத்தில் அகப்படும் சின்னஞ்சிறு நாட்டு மீன்கள் எட்டுப் பத்துப் போதும். கடையில் வாங்கிய கப்பி மீன்களாக இருந்தால், பெருகிவிட்டனவே என்று ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள்.

உண்மையில் தொட்டியைவிட ஆபத்தானவை பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகள். அரை அங்குலம் ஜலம் போதும், கொசுவுக்கு அரண்மனை ஆகிவிடும். ஜலத்தைக் கொட்டினால் மாத்திரம் காரியம் தீராது. ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையில் மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். வாரம் ஒரு முறை தட்டைத் தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்த வேலையை வீட்டில் ஒரு பிள்ளையின் பேரில் எழுதிவைத்துவிடுவது உத்தமம்.

கடைசியாக, எந்த அல்லி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையின் தேசிய மலராகிய நீல அல்லி காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பிவிடும். பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு அது சரி. வெள்ளை அல்லி பொழுது சாய்ந்த பிறகு மலர்ந்து, மறுநாள் காலை வெயில் ஏறும் வரையில் விரிந்திருக்கும். ஒரு பூ மூன்று நான்கு நாள் இப்படித் திறந்து மூடும். காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிற உத்தியோகஸ்தர்கள் வெள்ளை அல்லியையே வைத்துக்கொள்ளட்டும்.